சுங்கக் கட்டர் கப்பல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடத்தல்காரர்களையும், பிரைவட்டியர் எனப்படும் அரசு உரிமம் பெற்ற தனியார் ஆயுதக் கப்பல்களையும் எதிர்த்து நின்ற அமெரிக்கச் சுங்கக் கட்டர்களைப் பற்றிய பக்கம் இது. 1790இல் அவை தொடங்கப்பட்டதிலிருந்து 1820களின் நடுப்பகுதி வரையிலான காலத்தைத்தான் விரிவாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரிய போர்க்கப்பல்களைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பத்துப் பேரோடு கடலுக்குப் போன இந்தச் சிறு கப்பல்களைப் பற்றி தமிழில் கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்று பல நாளாக ஆசைப்பட்டேன்.

கட்டர் என்பது என்ன வகைக் கப்பல்?

தொடக்கத்தில் அது ஒற்றைப் பாய்மரம் கொண்ட, வேகமாக ஓடும் சிறு கப்பலின் பெயர். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சுங்கத்துறை இங்கிலீஷ் கால்வாயில் கடத்தல்காரர்களைத் துரத்த இந்த வகையைப் பயன்படுத்தியது. நாளடைவில் கப்பலின் பெயரே வேலையின் பெயராகிவிட்டது. அமெரிக்கர்கள் கட்டிய கட்டர்களில் பெரும்பாலானவை இரண்டு பாய்மரம் கொண்ட ஸ்கூனர்கள். ஆனாலும் சுங்க வேலை செய்ததால் அவற்றையும் கட்டர் என்றே அழைத்தார்கள். இன்றும் அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் 65 அடிக்குக் குறையாத கப்பல்களுக்குக் கட்டர் என்றுதான் பெயர்.

நம் ஊரில் நிலவரி வசூலிக்க வந்த அதிகாரிக்குக் கலெக்டர் என்று பெயர் வைத்தார்கள். இப்போது அவர் பார்க்கும் நூறு வேலைகளில் வசூலும் ஒன்று. பெயர் மட்டும் மாறவில்லை. கட்டரின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். அமெரிக்கத் துறைமுகங்களில் இந்தக் கட்டர்களுக்கு உத்தரவிட்ட சுங்க அதிகாரியின் பதவிப் பெயரும் கலெக்டர்தான்.

கடற்படையே இல்லாத நாடு ஏன் முதலில் சுங்கக் கப்பல்களைக் கட்டியது?

கையில் காசு இல்லாததால்தான். விடுதலைப் போர் முடிந்த பிறகு, 1790 வாக்கில், மத்திய அரசின் கடன் சுமார் 5.4 கோடி டாலர். மாநிலங்களின் கடன் தனியாக சுமார் 2.5 கோடி. போர்க்காலக் கடற்படையின் கடைசிக் கப்பலான அலையன்ஸைக்கூட 1785இல் விற்றுவிட்டார்கள். மக்களிடம் நேரடியாக வரி கேட்கும் துணிவு புதிய அரசுக்கு இல்லை. எனவே துறைமுகத்தில் இறங்கும் சர்க்கரை, தேயிலை, காப்பி, ஒயின், ரம் ஆகியவற்றின் மீதான தீர்வைதான் கஜானாவின் உயிர்நாடியாக இருந்தது.

முதல் கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் இதை முன்கூட்டியே யோசித்திருந்தார். துறைமுக வாயில்களில் சில ஆயுதக் கப்பல்களைத் தக்க இடம் பார்த்து நிறுத்திவைத்தால், சிறு செலவில் அவை சட்டத்தின் காவலர்களாகப் பயன்படும் என்று 1787இல் வெளிவந்த கட்டுரையிலேயே எழுதினார். 1790 ஆகஸ்ட் 4 அன்று நாடாளுமன்றம் பத்துக் கட்டர்களுக்கு அனுமதி கொடுத்தது. பத்துக்கும் சேர்த்து ஒதுக்கிய தொகை 10,000 டாலர், அதாவது கப்பல் ஒன்றுக்கு ஆயிரம். கடற்படைக்கெனத் தனித்துறை 1798இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நாட்டுக்குக் கடலில் ஆயுதம் என்று இருந்தவை பெரும்பாலும் இந்தக் கட்டர்கள்தான்.

மக்கள் இவற்றை வரவேற்றார்களா?

வரவேற்க அவர்களுக்குக் காரணமே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை சுங்கத்தை ஏய்ப்பது அங்கே தேசபக்தியாகப் போற்றப்பட்டது.

ரோட் ஐலண்டில் 1772 ஜூன் 9 அன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன். சுங்கச் சட்டத்தை அமல்படுத்த வந்திருந்த காஸ்பி என்ற பிரிட்டிஷ் ஸ்கூனர், நாரகன்செட் விரிகுடாவில் ஹன்னா என்ற சிறு கப்பலைத் துரத்திக்கொண்டு போய் மணல்திட்டில் தரைதட்டி நின்றது. செய்தி பிராவிடன்ஸ் நகருக்கு எட்டியது. இரவோடு இரவாக ஊர்க்காரர்கள் படகுகளில் துடுப்புப் போட்டு வந்தார்கள். கப்பல் தலைவர் டடிங்ஸ்டனைச் சுட்டுக் காயப்படுத்தினார்கள், மாலுமிகளைக் கரையில் இறக்கிவிட்டார்கள், விடிவதற்குள் கப்பலைக் கொளுத்தினார்கள். விசாரணைக் குழு வந்தது, வெகுமதியும் அறிவிக்கப்பட்டது. ஊரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

அதே கடற்கரையில், பதினெட்டு ஆண்டுகள் கழித்து, சொந்த அரசின் சுங்கக் கப்பலை நிறுத்த வேண்டும். ஹாமில்டனுக்கு இதன் ஆபத்து நன்றாகத் தெரிந்திருந்தது. 1791 ஜூன் 4 அன்று கட்டர் தலைவர்களுக்கு அவர் அனுப்பிய சுற்றறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். உங்கள் நாட்டவர் சுதந்திர மனிதர்கள், அதிகாரத் தோரணையின் சிறு சாயலைக்கூடப் பொறுக்கமாட்டார்கள் என்பதை எப்போதும் மனதில் வையுங்கள் என்கிறார். திமிர், முரட்டுத்தனம், அவமதிப்பு என்று தோன்றக்கூடிய எதையும் அண்டவிடாதீர்கள், ஆத்திரப்படாமல் நிதானத்தாலும் விடாமுயற்சியாலும் காரியத்தை முடியுங்கள் என்கிறார். ஆயுதம் ஏந்திய ஒரு படைக்கு முதல் அறிவுரையாகப் பணிவைச் சொன்ன கடிதம் இது. சுங்கக் கட்டர்களின் வரலாற்றில் எந்தப் பீரங்கிச் சண்டையையும்விட இந்தக் கடிதத்துக்கே நான் உயர்ந்த இடம் கொடுப்பேன்.

ஒரு கட்டரில் எத்தனை பேர் இருந்தார்கள்? என்ன ஆயுதங்கள் இருந்தன?

1790ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைவர் ஒருவர், அவருக்குக் கீழே அதிகபட்சம் மூன்று மேட்டுகள் (துணை அதிகாரிகள்), நான்கு மாலுமிகள், இரண்டு சிறுவர்கள். மொத்தம் பத்துப் பேர். தலைவருக்கு மாதம் 30 டாலர், மாலுமிக்கு 8 டாலர், சிறுவனுக்கு 4 டாலர்.

ஆயுதப் பட்டியலைப் பாருங்கள். பயனெட் என்ற முனைக்கத்தி பொருத்திய பத்து மஸ்கட் துப்பாக்கிகள், இருபது கைத்துப்பாக்கிகள், இரண்டு உளிகள், ஓர் அகலக் கோடாரி, இரண்டு விளக்குகள். துப்பாக்கிகளை விட்டுவிடுங்கள், மற்ற மூன்றிலும் இந்த வேலையின் இயல்பு அப்படியே தெரிகிறது. கப்பலின் சரக்கறைக்குள் பகலிலும் இருட்டுதான். மூட்டைகளுக்கும் பீப்பாய்களுக்கும் இடையில், அழுகிய தண்ணீர் நாற்றத்துக்கு நடுவில் ஒருவன் விளக்கைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவன் பலகையைத் தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஓசை கேட்கும் இடத்தில் உளியை வைக்க வேண்டும். சந்தேகப்பட்ட பெட்டி திறக்கவில்லை என்றால் கோடாரி.

கடலில் ஒரு கப்பலை நிறுத்திய பிறகு என்ன செய்வார்கள்?

கரையிலிருந்து நான்கு லீக் தூரம்வரை, அதாவது ஏறக்குறைய 12 கடல் மைலுக்குள், உள்ளே வரும் எந்தக் கப்பலிலும் ஏறிச் சோதிக்க அவர்களுக்கு உரிமை இருந்தது. ஏறியதும் முதலில் கேட்பது சரக்குப் பட்டியலை. எந்தத் துறைமுகத்தில் ஏற்றியது, எத்தனை பீப்பாய், யாருக்குப் போகிறது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பட்டியலின் பிரதியில் கையெழுத்திட்டு, சரக்கறை மூடிகளுக்கு முத்திரை வைத்து, தேவைப்பட்டால் ஓர் ஆளைக் கப்பலிலேயே நிறுத்தித் துறைமுகம்வரை அனுப்புவார்கள்.

இவ்வளவு எதற்கு என்றால், கடத்தல் அநேகமாக நடுக்கடலில் நடக்கவில்லை. அயல்நாட்டிலிருந்து வந்த கப்பல் துறைமுகத்துக்குச் சற்று வெளியே இரவில் நின்றுவிடும். சிறு படகுகள் வந்து பாதிச் சரக்கை இறக்கிக்கொண்டு ஆள் இல்லாத ஓடைக்குள் நுழைந்துவிடும். காலையில் மீதிப் பாதியோடு கப்பல் நல்ல பிள்ளையாகச் சுங்கச்சாவடியில் வந்து நிற்கும். கரைக்கு வெகுதூரத்திலேயே பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்த வித்தை பலிக்காது.

வரலாற்றில் துப்பாக்கிச் சண்டைகள்தான் எழுதப்படுகின்றன. ஆனால் ஒரு கட்டரின் ஆண்டில் 360 நாளாவது இந்தக் கணக்குப் பார்க்கும் வேலைதான் என்பது என் எண்ணம். குளிரிலும் மூடுபனியிலும் இதைச் செய்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவேட்டோடு நின்றுவிட்டன.

அந்தக் கோடு போட்ட கொடி எப்போது வந்தது?

1799இல். செங்குத்தாகப் பதினாறு கோடுகள், சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி. அப்போது நாட்டில் பதினாறு மாநிலங்கள். இந்தக் கொடியை ஏற்றி, எச்சரிக்கை வெடியும் வெடித்த பிறகு நிற்காத கப்பலைச் சுடலாம் என்று அதே ஆண்டுச் சட்டம் சொன்னது. கொடி இல்லாமல் சுட்டால் கட்டருக்கும் கொள்ளைக்கப்பலுக்கும் வித்தியாசம் தெரியாது.

பிரைவட்டியர் என்பவர் யார்? கடற்கொள்ளையர்தானே?

கையில் காகிதம் இருந்தால் பிரைவட்டியர், இல்லாவிட்டால் கடற்கொள்ளையர். போர்க்காலத்தில் ஓர் அரசு தனியார் கப்பலுக்கு உரிமம் எழுதிக் கொடுக்கும். எதிரி நாட்டு வணிகக் கப்பல்களை அவர்கள் பிடிக்கலாம். நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் கப்பலையும் சரக்கையும் விற்றுப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அமெரிக்கர்களும் இதைத் தாராளமாகச் செய்தவர்கள்தான்.

1790களின் இறுதியில் பிரான்சின் பிரைவட்டியர்கள் கரீபியன் கடலில் அமெரிக்க வணிகக் கப்பல்களை நூற்றுக்கணக்கில் பிடித்தார்கள். போர் அறிவிக்காமலே நடந்த சண்டை அது. புதுக் கடற்படையிடம் கப்பல் போதாததால் கட்டர்களையும் அனுப்பினார்கள். அவற்றுள் பிக்கரிங் மறக்க முடியாதது. 14 பீரங்கிகளும் சுமார் 70 ஆட்களும் கொண்ட அந்தக் கப்பலுக்குத் தலைவர் பெஞ்சமின் ஹில்லர். 1799 அக்டோபரில் குவாடலூப் தீவுப் பக்கம் அது சந்தித்த பிரெஞ்சு பிரைவட்டியரில் 18 பீரங்கிகள், சுமார் 250 ஆட்கள். ஒன்பது மணி நேரம் துரத்தியும் சுட்டும் பிக்கரிங்தான் வென்றது.

மறு ஆண்டு ஆகஸ்டில் அது மீண்டும் குவாடலூப்புக்குப் புறப்பட்டது. போய்ச் சேரவில்லை. செப்டம்பர் புயலில் மூழ்கியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஹில்லர் உட்பட அதில் இருந்த எவரும் திரும்பவில்லை.

சொந்த நாட்டவரோடு மோதியதில் உயிர்ச்சேதம் உண்டா?

உண்டு. அதற்குக் காரணம் கடத்தல்காரர்களைவிட ஒரு சட்டம்தான் என்பேன்.

1807 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனின் அரசு வணிகத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் அமெரிக்கக் கப்பல்களைத் தொல்லைப்படுத்தியதால், வெளிநாட்டு வணிகத்தையே நிறுத்திவிட்டார்கள். துறைமுகங்கள் வெறிச்சோடின. அதுவரை நேர்மையாகத் தீர்வை கட்டியவன்கூட மாவுப் பீப்பாயைக் கனடா எல்லைக்கு உருட்டத் தொடங்கினான். சுங்கக்காரர்களின் வேலை தலைகீழானது. நேற்றுவரை உள்ளே வருவதைக் கண்காணித்தவர்கள், இன்று வெளியே போவதைத் தடுக்க வேண்டும்.

வெர்மான்ட் மாநிலத்தில் ஷாம்பிளெய்ன் ஏரி வழியாகப் பொட்டாஷ் உப்பு கனடாவுக்குக் கடத்தப்பட்டது. அதில் பேர் போனது கருநாகம் என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு படகு. முன்பு அது பயணிகள் தோணி. இரவில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கத் தார் பூசியிருந்தார்கள். 1808 ஆகஸ்ட் 3 அன்று ஃப்ளை என்ற சுங்கப் படகில் வந்த போர்வீரர்கள் வினூஸ்கி ஆற்றில் அதைக் கைப்பற்றினார்கள். கைப்பற்றிய படகோடு ஆற்றில் திரும்பிப் போகும்போது கரையிலிருந்து கடத்தல்காரர்கள் சுட்டார்கள். வீரர்கள் இருவரும், அவர்களுடன் சேர்ந்துகொண்ட உள்ளூர் விவசாயி ஒருவரும் இறந்தார்கள். சைரஸ் டீன் என்பவருக்குத் தூக்குத் தண்டனை விதித்து அதே நவம்பரில் நிறைவேற்றினார்கள்.

நான்கு மாதத்தில், 1809 மார்ச்சில், அந்தத் தடைச்சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். சுட்டவர்கள் குற்றவாளிகள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் யாராலும் காப்பாற்ற முடியாத ஒரு சட்டத்தைக் காப்பாற்றச் சொல்லி, மாதம் சில டாலர் வாங்கியவர்களை ஆற்றங்கரைக்கு அனுப்பியவர்களையும் என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

1812ஆம் ஆண்டுப் போரில் கட்டர்கள் என்ன செய்தன?

இங்கிலாந்தோடு போர் அறிவித்தது 1812 ஜூன் 18 அன்று. ஒரு வாரத்திலேயே ஜெஃபர்சன் என்ற கட்டர், சர்க்கரை ஏற்றி வந்த பிரிட்டிஷ் ஸ்கூனர் ஒன்றைப் பிடித்துவிட்டது. அது நல்ல தொடக்கம். ஆனால் உலகின் மிகப் பெரிய கடற்படையை எதிர்த்து நாலைந்து பீரங்கி கொண்ட சுங்கக் கப்பல் என்ன செய்துவிட முடியும்? மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். அவற்றுள் இரண்டு தோல்விகள்.

முதலாவது சர்வேயர் என்ற கட்டர். 1813 ஜூன் 12 இரவு, வர்ஜீனியாவின் யார்க் ஆற்றில் நங்கூரமிட்டிருந்தது. தலைவர் சாமுவேல் டிராவிஸ். ஆட்கள் இருபதுக்கும் குறைவு. நார்சிஸஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலிலிருந்து சுமார் ஐம்பது பேர், ஓசை வராமல் துடுப்புகளுக்குத் துணி சுற்றி, படகுகளில் வந்தார்கள். கட்டரின் பீரங்கிகள் எட்டாத கோணத்தில் வந்ததால் பீரங்கி பயனற்றுப்போனது. டிராவிஸ் ஆளுக்கு இரண்டு மஸ்கட் கொடுத்தார். படகுகள் ஐம்பது கஜத்துக்குள் வரும்வரை ஒருவரையும் சுடவிடவில்லை. அந்த இருட்டில், ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் அருகில் வரும் படகுகளைப் பார்த்துக்கொண்டு விரலை அடக்கி நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். கப்பல் மேல்தளத்தில் கைகலப்பு நடந்தது. ஆங்கிலேயர் மூவர் இறந்தார்கள். கடைசியில் கப்பல் பறிபோனது. வென்ற அதிகாரி ஜான் கிரெரி, டிராவிஸின் வாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துக் கடிதம் எழுதினார். உங்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்டவர்களை எதிர்த்து நீங்கள் நின்ற விதம், நான் அரிதாகவே கண்ட வியப்பை எங்களிடம் உண்டாக்கியது என்று.

இரண்டாவது விஜிலன்ட், அது வெற்றி. 1813 அக்டோபர் 4. டார்ட் என்ற பிரிட்டிஷ் பிரைவட்டியர் ரோட் ஐலண்ட் கரையில் கண்ணில் பட்டது. கட்டர் தலைவர் ஜான் கஹூன் நியூபோர்ட்டில் கூடுதல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், பிளாக் தீவு அருகே அதைக் கண்டுபிடித்து, ஒரு சுற்றுப் பீரங்கி முழங்கிவிட்டு நேராகப் பக்கத்தில் அணைத்து ஏறிக் கைப்பற்றினார். காஸ்பியைக் கொளுத்திய அதே ரோட் ஐலண்டின் ஆட்கள் சுங்கக் கப்பலில் ஏறிச் சண்டைக்குப் போனார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஹாமில்டனின் கடிதம் வேலை செய்திருக்கிறது.

மூன்றாவது ஈகிள். 1814 அக்டோபர் 10 அன்று கனெக்டிகட்டின் நியூ ஹேவனுக்கு ஒரு செய்தி வந்தது. நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த சூசன் என்ற உள்ளூர்ச் சரக்குக் கப்பலைப் பிரிட்டிஷார் பிடித்துவிட்டார்கள். கட்டர் தலைவர் ஃபிரெடெரிக் லீ உள்ளூர்த் தொண்டர்களையும் ஏற்றிக்கொண்டு இரவிலேயே புறப்பட்டார். விடிந்ததும் பார்த்தால், எதிரே நிற்பது 18 பீரங்கி கொண்ட டிஸ்பாட்ச் என்ற போர்க்கப்பல். ஈகிளிடம் இருந்தவை ஆறு சிறு பீரங்கிகள்.

தப்ப வழியில்லை. லீ கப்பலை லாங் ஐலண்டின் வடகரையில், சுமார் 160 அடி உயரச் செங்குத்து மேட்டின் அடியில் கரையேற்றினார். மாலுமிகள் பீரங்கிகளைக் கழற்றிக் கயிறு கட்டி அந்த மணல்மேட்டின் உச்சிக்கு இழுத்தார்கள். அங்கிருந்து திருப்பிச் சுட்டார்கள். வெடிமருந்தை இறுக்கும் அடைப்புத் தீர்ந்துபோனது. கப்பலின் குறிப்பேட்டைத் தாள் தாளாகக் கிழித்து அடைத்தார்கள். குண்டு தீர்ந்துபோனது. எதிரி சுட்டு மேட்டில் புதைந்திருந்த குண்டுகளைத் தோண்டி எடுத்து, அவற்றையே திருப்பிச் சுட்டார்கள். கொடி மூன்று முறை அறுந்து விழுந்தது. மூன்று முறையும் ஒருவன் இறங்கிப் போய் அதை ஏற்றினான்.

டிஸ்பாட்ச் உதவி தேடி விலகியது. லீ சேதமடைந்த ஈகிளை மறுபடி மிதக்கவிட்டார். ஆனால் 13ஆம் தேதி எதிரி வலுவான துணையோடு திரும்பி வந்து ஈகிளை இழுத்துப் போய்விட்டான். துணைக்கு வந்தது யார் தெரியுமா? சர்வேயரைப் பிடித்த அதே நார்சிஸஸ்.

அந்தக் குறிப்பேட்டைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். நாள்தோறும் காற்றின் திசையும் சோதித்த கப்பல்களின் பெயரும் எழுதிவந்த தாள்கள். அந்த மேட்டில் அவை புகையாகப் போயின.

கடத்தலில் மனிதர்களும் கடத்தப்பட்டார்களா?

ஆம். 1808 ஜனவரி 1 முதல் அடிமைகளை இறக்குமதி செய்வது அமெரிக்காவில் சட்டவிரோதம். உள்நாட்டில் அடிமைமுறை தொடர்ந்ததால் வாங்க ஆட்கள் இருந்தார்கள். எனவே கடத்தலும் தொடர்ந்தது.

1820 ஜூன் 29 அன்று, ஃபுளோரிடா கரையருகே சந்தேகத்துக்கிடமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஆன்டிலோப் என்ற கப்பலை டல்லஸ் என்ற கட்டர் பிடித்தது. தலைவர் ஜான் ஜாக்சன். உள்ளே 280க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள். பலர் சிறுவர் சிறுமியர்.

கதை சிக்கலானது. ஆன்டிலோப் ஸ்பானியக் கப்பல். இன்றைய உருகுவே பகுதியின் புரட்சித் தலைவர் அர்த்திகாசின் கொடியோடு, பால்டிமோரில் ஆள் சேர்த்துக்கொண்டு போன ஒரு பிரைவட்டியர் ஆப்பிரிக்கக் கரையில் அதைப் பிடித்தது. ஸ்பானிய, போர்ச்சுக்கீசிய, அமெரிக்கக் கப்பல்களிலிருந்து பறித்த அடிமைகள் அனைவரும் கடைசியில் ஆன்டிலோப்புக்கு வந்து சேர்ந்தார்கள். பிரைவட்டியர், கொள்ளையர், கடத்தல்காரர் ஆகிய மூன்றும் ஒரே கப்பலில் கலந்து நின்றன.

கட்டர் வந்ததால் இவர்களுக்கு விடுதலை கிடைத்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடந்தது வேறு. சவானா நகரில் வழக்கு ஏழு ஆண்டு இழுத்தது. ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் இவர்கள் எங்கள் சொத்து என்றன. பிடித்துக் கொடுத்த ஜாக்சனும் தலைக்கு இவ்வளவு என்று சட்டம் அனுமதித்த வெகுமதியைக் கேட்டார். இதற்கிடையில் அந்த மக்களைத் தோட்டங்களிலும் நகரப் பணிகளிலும் வேலை வாங்கினார்கள். பலர் இறந்தார்கள். ஒரு கட்டத்தில், யார் அமெரிக்கக் கப்பலிலிருந்து வந்தவர், அதனால் யார் விடுதலைக்கு உரியவர் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க நீதிபதி உத்தரவிட்டார்.

1825இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், அடிமை வணிகம் இயற்கைச் சட்டத்துக்கு முரணானது, ஆனாலும் நாடுகளுக்கிடையிலான சட்டத்துக்கு முரணானது ஆகாது என்று தீர்ப்பளித்தார். 1827இல் சுமார் 120 பேர் லைபீரியா போய்ச் சேர்ந்து, நியூ ஜார்ஜியா என்ற ஊரில் குடியேறினார்கள். நாற்பதுக்குச் சற்றுக் குறைவானவர்கள் அமெரிக்காவிலேயே அடிமைகளாக வைக்கப்பட்டார்கள்.

கட்டரின் சேவை வரலாற்றை எழுதுபவர்கள் டல்லஸ் ஒரு கப்பலைப் பிடித்தது என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. கப்பலைப் பிடித்த பிறகு உள்ளே இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதும் அந்த வரலாற்றின் பகுதிதான்.

கட்டர்களால் கடத்தல் ஒழிந்ததா?

குறைந்தது, ஒழியவில்லை. இங்கிலாந்தின் அனுபவம் இதில் தெளிவானது. 1747இல் ஸ்விஃப்ட் என்ற சுங்கக் கப்பல் சுமார் இரண்டு டன் கடத்தல் தேயிலையைப் பிடித்து, பூல் நகரச் சுங்கச்சாவடியில் பூட்டிவைத்தது. ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் அக்டோபர் இரவொன்றில் ஆயுதங்களோடு வந்து கதவை உடைத்துத் தேயிலையை மீட்டுக்கொண்டு போனது. அதற்குச் சாட்சி சொல்லப் புறப்பட்டவரையும், அவரோடு சென்ற சுங்க அதிகாரியையும் அடுத்த ஆண்டு கொடூரமாகக் கொன்றார்கள். கப்பலும் காவலும் தூக்குமரமும் பல பத்தாண்டுகள் செய்ய முடியாததை 1784இல் ஒரு வரிக்குறைப்பு செய்தது. தேயிலை மீதான தீர்வை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக இறங்கியது. கள்ளத் தேயிலையில் லாபமே இல்லாமல் போனது.

இந்தக் கட்டர்கள் பிறகு என்ன ஆயின?

கடத்தலோடு கூடவே கடலில் தவிப்பவர்களைக் காப்பாற்றும் வேலையும் வந்து சேர்ந்தது. 1830களிலிருந்து குளிர்காலத்தில் கடலில் சுற்றி, ஆபத்தில் சிக்கிய கப்பல்களுக்கு உதவினார்கள். 1915 ஜனவரியில் உயிர்காப்புப் பணித்துறையோடு இணைந்து கடலோரக் காவல் படை ஆயிற்று. அந்தப் படையின் பயிற்சிப் பாய்மரக் கப்பலுக்கு இன்றும் ஈகிள் என்றுதான் பெயர்.

முதல் கட்டர் தலைவர் யார்?

ஹாப்லி யீட்டன். 1791 மார்ச் 21 அன்று குடியரசுத் தலைவர் வாஷிங்டன் கையெழுத்திட்ட நியமனம் பெற்று, நியூ ஹாம்ப்ஷயரில் ஸ்காமெல் என்ற கட்டருக்குத் தலைவரானவர். மெயின் மாநிலத்தில் அவர் பண்ணை நிலத்தில் இருந்த உடலை 1970களில் எடுத்து வந்து, நியூ லண்டனில் உள்ள கடலோரக் காவல் படைக் கல்லூரி வளாகத்தில் மரியாதையோடு அடக்கம் செய்திருக்கிறார்கள்.

ஸ்காமெல் கப்பலில் யீட்டனோடு இன்னொருவரும் வேலை செய்தார். பெயர் செனகல். யீட்டனின் அடிமை. சட்டம் சொன்ன மாதச் சம்பளம் மற்ற மாலுமிகளுக்கு உண்டு, அவர் எஜமானின் சொத்தாகக் கப்பலுக்கு வந்தவர். அந்தப் பாய்களை இழுத்த கைகளில் அவருடைய கைகளும் உண்டு. அதனால் ஸ்காமெலைப் பற்றி எழுதும்போதெல்லாம் இரண்டு பெயர்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.